தொடர் பிடிக்காமல் போகும்போது: அறிகுறி பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடர் 1963 நவம்பரில் தொடங்கியது. ஸ்டார் டிரெக் 1966. ஸ்டார் வார்ஸ் 1977. இத்தனை காலம் ஓடும் கதையை ஒரே ஆள் எழுத முடியாது, பல கை மாறும். கை மாறும்போது சில இடங்களில் கதை இளைத்துப் போகும். அப்படி இளைத்துப்போன ஒரு சீசனைப் பார்த்துவிட்டு ஒரு ரசிகர் கோபப்பட்டால் அது நியாயமான கோபம். பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே வந்த கதை கெட்டுப்போனால் வலிக்கத்தான் செய்யும்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கோபம் பெரும்பாலும் "எழுத்து சரியில்லை" என்ற ஒரே வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது. கிருஷ்ணகிரியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் எங்கள் ரசிகர் வட்டத்துக்குத் தருமபுரி, பாலக்கோடு, ஓசூர் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள், ஆனால் ஒவ்வொருவர் மனதிலும் இருப்பது வேறு வேறு பழுது. எது என்று பிரித்துப் பார்த்தால்தான் அந்தத் தொடரை விடுவதா, தாண்டிப் போவதா, பொறுத்துப் பார்ப்பதா என்று முடிவெடுக்க முடியும். அதற்காகத்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எந்த அறிகுறி பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம். பல கதைகளின் முடிவுகளை வெளிப்படையாகச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் கவனமாக இருங்கள்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசிகர்கள் அதிகம் சத்தம் போடுவது லாஜிக் ஓட்டைகளைப் பற்றி. தொடரை உண்மையில் கொல்வது அது இல்லை. கதையில் நடக்கும் எதற்கும் விலை இல்லாமல் போவதுதான் கொல்கிறது. ஒருவர் இறந்தார், ஒரு கப்பல் அழிந்தது, ஒரு போர் வென்றது என்றால், அதனால் யாருக்கு என்ன போனது என்ற கேள்விக்குக் கதையில் பதில் இருக்க வேண்டும்.

முதலில் இதைச் சரிபாருங்கள்

தமிழ் டப்பிங்கில் பார்த்தீர்களா? அப்படியானால் வசனத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன், பிடிக்காத அந்தக் காட்சியை மட்டும் மூல ஒலியில் சப்டைட்டிலோடு ஒருமுறை பாருங்கள். உதட்டசைவுக்காகச் சுருக்கப்பட்ட வசனம் பாத்திரத்தையே மாற்றிவிடும். மூலத்திலும் அதே தட்டை இருந்தால் அது எழுத்தின் பழுது. இல்லையென்றால் பழுது டப்பிங்கில்.

எங்கே பார்த்தீர்கள் என்பதும் முக்கியம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர் பேருந்தில் ஃபோனில்தான் பார்க்கிறார்கள். கண்டக்டர் வருவார், சில்லறை கேட்பார், சூளகிரியில் கூட்டம் ஏறும், பக்கத்து இருக்கைக்காரர் பேச ஆரம்பிப்பார். அப்படிப் பார்த்த எபிசோடில் "கதை புரியவில்லை" என்றால் அந்த ஒரு எபிசோடை வீட்டில் மறுபடி பார்த்துவிட்டு வாருங்கள். யூடியூப் துண்டுகளில் பாதியும் தொடரில் பாதியுமாகப் பார்த்தவர்களுக்கும் இதே பரிந்துரைதான்.

இவை இரண்டும் காரணம் இல்லை என்று உறுதியானால் கீழே போகலாம்.

அறிகுறி: செத்தவர் திரும்பி வந்துவிட்டார், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை

இந்தப் புகார்தான் எங்களிடம் அதிகம் வருகிறது. சோதனை எளிது. அவர் திரும்பி வந்ததற்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

ஸ்டார் டிரெக்கின் ஸ்பாக்கை எடுத்துக்கொள்வோம். 1982 படத்தில் கப்பலைக் காப்பாற்ற உயிரைக் கொடுக்கிறார். 1984 படத்தில் திரும்பி வருகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் ஏமாற்று வேலைதான். ஆனால் அந்த இரண்டாவது படம் முழுக்க அவரைத் திரும்பப் பெறுவதற்கான விலையைப் பற்றியது. அவருடைய நண்பரும் தலைவருமான கிர்க் தன் மகனை இழக்கிறார். எண்டர்பிரைஸ் கப்பலைத் தன் கையாலேயே வெடிக்க வைக்கிறார். மேலிடத்தின் உத்தரவை மீறியதற்காக 1986 படத்தின் முடிவில் விசாரணையில் நின்று பதவி இறக்கமும் பெறுகிறார். நண்பன் கிடைத்தான், மகன் போனான். அதனால் ஸ்பாக் கண் விழிக்கும் காட்சியில் மகிழ்ச்சியும் துக்கமும் ஒன்றாக இருக்கின்றன.

இப்போது 2019 ஸ்டார் வார்ஸ் படத்துக்கு வாருங்கள். 1983-இல் குழிக்குள் தூக்கி எறியப்பட்ட பேரரசர் பால்பட்டீன் உயிரோடு இருக்கிறார். எப்படி? எப்படியோ திரும்பி வந்துவிட்டார் என்று ஒரு பாத்திரமே சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறது. அவர் திரும்பியதை அறிவிக்கும் ஒலிபரப்பு ஒன்றைப் படத்தின் தொடக்க எழுத்துகள் குறிப்பிடுகின்றன. அந்த ஒலிபரப்பைக் கேட்க வேண்டுமென்றால் ஃபோர்ட்நைட் என்ற வீடியோ கேமில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருக்க வேண்டும். கதையின் முதுகெலும்பான செய்தி கதைக்கு வெளியே கிடந்தது.

இதில் எனக்கு அதிகம் வலிக்கும் இடம் பால்பட்டீன் இல்லை, அனகின். தன் மகனைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பேரரசரைத் தூக்கி எறிந்துவிட்டு இறந்தவன் அவன். மூன்று படங்கள் அந்த ஒரு செயலை நோக்கித்தான் நடந்தன. எறியப்பட்டவர் சும்மா திரும்பி வந்தால் எறிந்தவனுடைய தியாகமும் அன்றே செல்லாமல் போகிறது. ஒரு மரணத்தை ரத்து செய்யும்போது அதோடு கட்டியிருந்த மற்றவர்களின் கதையையும் சேர்த்து ரத்து செய்கிறோம். எழுதுகிறவர்கள் இதைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

வெற்றிக்கும் இதே சோதனை பொருந்தும். டெர்மினேட்டர் இரண்டாம் பாகத்தில், 1991-இல், பேரழிவு நாள் தடுக்கப்பட்டது, அந்த இயந்திரம் தன்னை உருகிய இரும்புக்குள் இறக்கிவிடச் சொன்னது. 2003 பாகம், நாள் தள்ளித்தான் போனது, தடுக்கப்படவில்லை என்றது. 2019 பாகம் எந்தச் சிறுவனைக் காப்பாற்ற எல்லாம் நடந்ததோ அவனைத் தொடக்கத்திலேயே கொன்றது. தமிழ் டப்பிங்கில் இரண்டாம் பாகத்தைப் பார்த்து வளர்ந்த நம்மில் பலருக்கு அந்த முதல் சில நிமிடங்களிலேயே படம் முடிந்துவிட்டது.

என்ன செய்யலாம்: இந்த அறிகுறி ஒருமுறை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே குழுவின் கையில் தொடர்ந்து வந்தால், அந்தக் குழு எழுதியதை மட்டும் உங்கள் வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். 1983 படத்தோடு முடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அது தப்பித்தல் இல்லை. அந்தக் கதை அங்கே முழுமையாகத்தான் முடிகிறது.

அறிகுறி: எந்தச் சிக்கல் வந்தாலும் ஒரு கருவி தீர்த்துவிடுகிறது

டாக்டர் ஹூவில் சானிக் ஸ்க்ரூட்ரைவர் என்ற கருவி 1968-இல் வந்தது. பூட்டைத் திறக்கும், அப்புறம் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் திறக்கும். 1982-இல் தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னர் காலத்தில் அதைக் கதையிலேயே உடைத்துப் போட்டார்கள். எழுத்தாளர்களுக்கு அது மிகச் சுலபமான தப்பிக்கும் வழியாகிவிட்டது என்பதுதான் காரணம். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பின்னால் 1996-இல் திரும்பி வந்தது. 2005-க்குப் பிறகு முன்பைவிட அதிக வேலை செய்ய ஆரம்பித்தது.

ஸ்டார் டிரெக்கின் டிரான்ஸ்போர்ட்டர் பிறந்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒவ்வொரு வாரமும் கப்பல் ஒரு கிரகத்தில் இறங்குவதைப் படம் பிடிக்கப் பணம் கட்டுப்படியாகவில்லை. அதனால் ஆட்களை ஒளியாக மாற்றி இறக்கிவிட்டார்கள். பட்ஜெட்டுக்கு அருமையான தீர்வு. ஆனால் ஆபத்து வந்த நொடியில் யாரையும் மேலே இழுத்துக்கொள்ள முடியும் என்றால் ஆபத்து எங்கே இருக்கிறது? அதனால் வாரம் ஒரு காரணம் சொல்லி அதைப் பழுதாக்க வேண்டியதாயிற்று. ஒரு கருவிக்கு எல்லை வைக்காமல் உள்ளே விட்டால், பிறகு வரும் எழுத்தாளர்கள் எல்லோரும் அதைச் சமாளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மோசமான உதாரணம் 2013 ஸ்டார் டிரெக் படம். கிர்க் கதிர்வீச்சில் இறக்கிறார். கான் என்ற எதிரியின் ரத்தத்தைச் செலுத்தி அவரை எழுப்பிவிடுகிறார்கள். சாவையே குணமாக்கும் மருந்து கிடைத்துவிட்டது. அந்த உலகமே அன்றிலிருந்து மாறியிருக்க வேண்டும். 2016-இல் வந்த அடுத்த படத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

சாவைத் தள்ளிப்போடும் ஒரு பொருளைக் கதையில் எப்படி வைப்பது என்பதற்குத் தகடூர்க்காரர்களான நம்மிடமே ஒரு பாடம் இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சிக்குக் கிடைத்த நெல்லிக்கனி. பெரிய மலைப் பிளவில், எட்டாத உச்சியில் கிடைத்தது. அதன் பலனை வெளியே சொல்லாமல், தான் உண்ணாமல், ஔவைக்குக் கொடுத்தான் என்று புறநானூற்றில் ஔவையே பாடுகிறார். கனி கிடைப்பது அரிது. ஒருவர் உண்டால் இன்னொருவருக்கு இல்லை. கொடுத்தவன் பின்னால் போரில் மாண்டான். மலையில் கூடை கூடையாக அந்தக் கனி கிடைத்திருந்தால் அந்தப் பாட்டே பிறந்திருக்காது. கான் ரத்தக் காட்சியை எங்கள் வட்டத்தில் யார் எடுத்தாலும் நான் நெல்லிக்கனியைத்தான் பதிலாகச் சொல்வேன்.

சோதனை: அந்தக் கருவியால் என்ன செய்ய முடியாது என்று உங்களால் ஒரு வரியில் சொல்ல முடிகிறதா? முடிந்தால் எழுத்து நல்ல கையில் இருக்கிறது, பொறுங்கள். முடியவில்லையென்றால் அந்தத் தொடரின் கிளைமாக்ஸ்களிடம் எதிர்பார்ப்பை வைக்காதீர்கள். பாத்திரங்களுக்காக மட்டும் பார்க்கலாம்.

அறிகுறி: வில்லனைப் பார்த்தால் பயமே வரவில்லை

போர்க் (Borg) என்ற, பாதி உயிரும் பாதி இயந்திரமுமான கூட்டத்தை ஸ்டார் டிரெக்கில் முதலில் 1989-இல் பார்த்தோம். பேச்சுவார்த்தைக்கு இடமில்லாத எதிரி. 1990-இல் கேப்டன் பிக்கார்டையே பிடித்துத் தங்களில் ஒருவராக மாற்றினார்கள். அந்தக் கூட்டத்தின் ஒரே ஒரு கப்பல் 39 கப்பல்களை அழித்தது. அதற்கு அடுத்து வந்த எபிசோடில் விண்வெளிச் சண்டை எதுவும் இல்லை. பிக்கார்ட் பிரான்சில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய், திராட்சைத் தோட்டத்துச் சேற்றில் உட்கார்ந்து அழுகிறார். அந்த அழுகைதான் போர்க் கூட்டத்தைப் பயங்கரமாக்கியது. ஜெயித்த பிறகும் காயம் ஆறவில்லை என்று காட்டியது.

பிறகு 1995 முதல் 2001 வரை ஓடிய வாயேஜர் என்ற ஸ்டார் டிரெக் தொடரில் தனியாகத் திரியும் ஒரே கப்பல் அதே போர்க் கூட்டத்தை அடிக்கடி சந்தித்துத் தப்பித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தப்பித்தலிலும் பயம் கொஞ்சம் குறைந்தது.

நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது இன்னும் தெளிவாகப் புரியும். துரியோதனன் முதல் இரவே அடி வாங்கிக்கொண்டு ஓடுவதில்லை. கம்பீரமாக வருகிறான், பாடுகிறான், தன் நியாயத்தைச் சொல்கிறான். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த அந்தப் பெரிய உருவம் தொடை பிளந்து விழும்போது ஊரே நிற்பதற்குக் காரணம், அதுவரை அவன் பெருமையைக் குறைக்காமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்பதுதான். நீண்ட தொடர் எழுதும் யாரும் படுகளம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

என்ன செய்யலாம்: வில்லனின் முதல் வரவையும், முதல் பெரிய மோதலையும் மட்டும் பாருங்கள். மூன்றாவது வரவுக்குப் பிறகு நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை.

அறிகுறி: முன்னே சொன்னதும் பின்னே சொன்னதும் ஒத்துவரவில்லை

இங்கேதான் அதிகம் சண்டை நடக்கிறது. இங்கேதான் அதிகம் நிதானமும் தேவை.

பாலக்கோட்டிலிருந்து வரும் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, கிளிங்கான்காரங்க நெத்தி பழைய சீரியல்ல வழவழன்னு இருக்கு. அப்புறம் எப்படி மேடு மேடா வந்துச்சு?" கிளிங்கான் என்பது ஸ்டார் டிரெக்கில் வரும் ஒரு வேற்றுக்கிரக இனம். 1960-களில் ஒப்பனைக்குப் பணம் இல்லை, 1979 படத்தில் இருந்தது. அவ்வளவுதான். 1996-இல் ஒரு எபிசோடில் வோர்ஃப் என்ற கிளிங்கானிடமே இதைக் கேட்கிறார்கள். வெளியாரிடம் அதைப் பேசுவதில்லை என்று சொல்லிவிடுகிறார். அதோடு விட்டிருக்கலாம். 2005-இல் மரபணு, வைரஸ் என்று இரண்டு எபிசோடு செலவழித்து விளக்கினார்கள். விளக்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதனால் எந்தக் கிளிங்கானைப் பற்றியும் நமக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை.

கூத்தில் அரவான் களப்பலி பார்த்திருப்பீர்கள். போர் தொடங்கும் முன்பே பாண்டவர் வெற்றிக்காகத் தன்னைப் பலி கொடுக்கிறான். வியாச பாரதத்தில் அப்படி இல்லை. அங்கே எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையில் இறக்கிறான். இரண்டும் ஒத்துவராது. ஆனாலும் எந்த ஊரிலும் யாரும் பாதியில் எழுந்து போவதில்லை. இரண்டிலும் தந்தையின் பக்கத்துக்காக உயிர் கொடுத்த மகன் அவன், அது மாறவில்லை. நடந்த விதம் மாறினாலும் ஆள் மாறவில்லை.

ஆகவே முரண்பாட்டை இரண்டாகப் பிரியுங்கள். தேதி, எண்ணிக்கை, உடை, முகம், தொழில்நுட்பம் பற்றிய முரண்பாடு ஒரு வகை. அது பேசி மகிழ நல்ல விஷயம், கோபத்துக்கு உரியது இல்லை. ஒரு பாத்திரம் யார், எதற்காக வாழ்ந்தது என்பதையே புரட்டும் முரண்பாடு இன்னொரு வகை. அதற்குக் கோபப்படலாம்.

டாக்டர் ஹூவில் இரண்டுமே கிடைக்கும். நாயகனான டாக்டர் வேற்றுக்கிரகத்தவர், இறக்கும் நிலையில் வேறு உடலாக மாறுவார். அப்படிப் பன்னிரண்டு முறைதான் மாற முடியும் என்று 1976-இல் ஒரு கதை விதி வகுத்தது. 2013 கிறிஸ்துமஸ் எபிசோடில் அந்தக் கணக்கு தீர்ந்து, புதிதாக ஒரு சுற்று கிடைத்தது. விதி தளர்ந்தது உண்மைதான். ஆனால் அதற்குள் டாக்டர் ஒரு சின்ன ஊரைக் காப்பாற்றுவதற்காக அங்கேயே தங்கி நூற்றாண்டுக் கணக்கில் கிழவராகியிருந்தார். விலை கொடுத்திருந்தார், அதனால் ஏற்றுக்கொண்டோம்.

2020 மார்ச்சில் வந்த எபிசோடு வேறு வகை. நாம் முதல் டாக்டர் என்று நினைத்தவருக்கு முன்பே எண்ணற்ற பிறவிகள் இருந்தன, அவருடைய இனத்துக்கே இந்த ஆற்றல் அவரிடமிருந்துதான் வந்தது என்று சொன்னது. பலர் எண்ணிக்கை இடிக்கிறது என்று சண்டை போட்டார்கள். எனக்கு எண்ணிக்கை பொருட்டில்லை. தன் இனத்தில் பெரிதாக மதிக்கப்படாத ஒருவர், டார்டிஸ் என்ற பழைய காலப் பயண ஊர்தி ஒன்றைத் திருடிக்கொண்டு ஓடிவந்து, தானாக நல்லவராக இருப்பதைத் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் டாக்டரின் அழகு. பிறப்பிலேயே தனிச்சிறப்பு உடையவர் என்று ஆக்கிவிட்டால் அந்தத் தேர்வின் மதிப்பு குறைகிறது. என் புகார் அதுதான். அதை இப்படிச் சொன்னால் எதிர்த் தரப்பில் இருப்பவரும் நின்று கேட்கிறார்.

அறிகுறி: கேள்வி மேல் கேள்வி வருகிறது, பதில் வரவில்லை

ஜே.ஜே. ஆப்ராம்ஸ் 2007-இல் ஒரு டெட் உரையில் மர்மப் பெட்டி என்ற தன் கொள்கையைச் சொன்னார். திறக்காத பெட்டி, திறந்த பெட்டியைவிட அதிக ஆவலைத் தூண்டும் என்பது அதன் சாரம். தொடங்குவதற்கு அது அருமையான வழி. முடிக்க உதவாது. 2015-இல் அவர் இயக்கிய ஸ்டார் வார்ஸ் படம், நாயகி ரேயின் பெற்றோர் யார் என்று கேட்டது. 2017 படம் அவர்கள் யாருமில்லை, சாதாரண ஆட்கள் என்றது. 2019 படம் அவள் பால்பட்டீனின் பேத்தி என்றது. மூன்று படத்துக்கும் சேர்த்து ஒரே கதைத் திட்டம் இல்லை. மூன்றாவது படத்தை இயக்கவிருந்த காலின் ட்ரெவாரோ 2017 செப்டம்பரில் விலகினார், ஆப்ராம்ஸ் திரும்பி வந்தார். இவ்வளவு தெரிந்த பிறகு அந்தப் படங்களைப் பார்த்தால் தையல் பிரிந்த இடங்கள் தானாகவே தெரியும்.

இரண்டாவது பதில் எனக்குப் பிடித்திருந்தது. யாருமில்லாத பெண் ஒருத்தி பெரியவளாக வளர முடியும் என்றது அது. அதை எடுத்துவிட்டு மறுபடி ரத்த வாரிசுக் கதைக்குள் போனதில் எனக்கு இன்றும் வருத்தம்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, முழுத் தொடரும் முடிந்த பிறகு பார்க்கத் தொடங்குவது. ஒவ்வொரு வாரமும் காத்திருந்து ஊகம் செய்வதில் மகிழ்ச்சி காண்கிறவர்கள் தொடரலாம். பதில் வேண்டும் என்பவர்கள் காத்திருங்கள்.

அறிகுறி: எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள்

கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வசனத்தை யார் சொல்கிறார் என்று குரலை வைத்து இல்லாமல் சொல்லும் விஷயத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடிகிறதா? முடியவில்லையென்றால் எழுத்தாளருக்கு அந்தப் பாத்திரங்களைத் தெரியவில்லை. இதற்கு மருந்து கிடையாது. தாண்டிப் போய்விடுங்கள்.

அறிகுறி: ஒரு சீசன் முழுக்கவே தொய்வு

எழுத்தாளர்களைத் திட்டும் முன் அந்த வருடம் தயாரிப்பில் என்ன நடந்தது என்று பாருங்கள். இந்தப் பழக்கத்தை நான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் இது கோபத்தை அறிவாக மாற்றுகிறது.

முதல் ஸ்டார் டிரெக் தொடரை இரண்டாம் சீசனோடு நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், பீஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் தம்பதி முன்னின்று ரசிகர்களைக் கடிதம் எழுத வைத்தார்கள். மூன்றாவது சீசன் வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளினார்கள், பட்ஜெட்டைக் குறைத்தார்கள், தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அன்றாட வேலையிலிருந்து ஒதுங்கினார். ஸ்பாக்கின் மூளையைத் திருடிக்கொண்டு போகும் கதையோடு 1968 செப்டம்பரில் அந்தச் சீசன் தொடங்கியது. 1969-இல் தொடர் நின்றது. ரசிகர்கள் கேட்டது கிடைத்தது, அதை நன்றாக எழுதுவதற்கான வசதி கிடைக்கவில்லை.

இருபது வருடம் கழித்து, ஸ்டார் டிரெக்கின் அடுத்த தொடரான நெக்ஸ்ட் ஜெனரேஷனின் இரண்டாம் சீசன். 1988-இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர் வேலைநிறுத்தம். 26 எபிசோடுக்குப் பதில் 22. முதல் எபிசோடுக்கு 1970-களில் எடுக்காமல் விட்ட வேறொரு தொடரின் கதையைத் தூசி தட்டினார்கள். கடைசி எபிசோடைப் பழைய காட்சிகளை ஒட்டி முடித்தார்கள். அந்த இடத்தில் தொடரை விட்டவர்கள் ஏராளம். விடாதவர்களுக்கு 1989-இல் மூன்றாம் சீசன் கிடைத்தது. மைக்கேல் பில்லர் எழுத்துக் குழுவுக்குத் தலைமை ஏற்று, ஒவ்வொரு கதையும் ஒரு பாத்திரத்தின் மனச் சிக்கலிலிருந்து தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார். வெளியாட்கள் அனுப்பும் திரைக்கதைகளையும் படிக்கக் கதவைத் திறந்துவிட்டார். ரொனால்ட் டி. மூர் என்ற ரசிகர் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தார். தாயை இழந்த ஒரு சிறுவனைப் பற்றிய கதை அவருடையது. பிக்கார்ட் சேற்றில் அழும் எபிசோடை எழுதியவரும் அவரே.

ஆகவே தொய்வுக்குக் காரணம் வேலைநிறுத்தம், பணம், நேரம் என்றால் பொறுத்துப் பாருங்கள், அது மாறக்கூடியது. காரணம் கதையைப் பற்றிய அக்கறையே இல்லாதது என்றால் காத்திருந்து பயனில்லை.

அறிகுறி: கோபம் ஒரு நடிகர் மீது திரும்புகிறது

உடனே நிறுத்துங்கள். 1999 ஸ்டார் வார்ஸ் படத்தில் ஜார் ஜார் பாத்திரத்தில் நடித்த அகமது பெஸ்ட், ரசிகர்களின் வசையால் உயிரை விடும் எண்ணம் வரை போனதாகப் பின்னால் சொன்னார். 2017 படத்தில் நடித்த கெல்லி மேரி டிரான், 2018-இல் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டார். அவர்கள் யாரும் கதையை எழுதவில்லை. எங்கள் வட்டத்தில் இதற்கு ஒரே விதி: பேச்சு பாத்திரத்தைப் பற்றி இருக்க வேண்டும். நடிகரின் முகம், உடம்பு, நிறம், இனம் பற்றி யாராவது பேச்செடுத்தால் அன்றைய பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அறிகுறி: எல்லாம் சரிபார்த்தாயிற்று, இன்னும் பிடிக்கவில்லை

அப்படியானால் அது களைப்பு. ஒரே உலகத்தில் அதிக நாள் இருந்துவிட்டீர்கள். சில மாதம் தள்ளி இருங்கள். சித்திரை, வைகாசியில் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களில் கூத்து நடந்தால் ஓர் இரவு போய் உட்காருங்கள். கர்ண மோட்சத்தில் கர்ணன் சாவான் என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. தெரிந்தும் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் அவர்களை உட்கார வைக்கவில்லை. இவன் என்ன கொடுக்கப் போகிறான், எப்படிக் கொடுக்கப் போகிறான் என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது பெரிய வரிசையைத் தொடாமல் ஆண்டோர் தொடரிலிருந்து தொடங்குங்கள். டோனி கில்ராய் தலைமையில் 2022-இலும் 2025-இலும் வந்தது, மொத்தம் 24 எபிசோடு. நாயகன் இறந்துபோவான் என்பது 2016 படம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஒளிவாள் வீரர்கள் யாரும் வந்து காப்பாற்றுவதில்லை. ஒவ்வொரு சின்ன வெற்றிக்கும் யாரோ ஒருவர் வேலையை, வீட்டை, உயிரைக் கொடுக்கிறார். நீங்கள் வெறுத்துப்போன அதே ஸ்டார் வார்ஸ் உலகம்தான் இதுவும்.

அவ்வளவு நேரம் இல்லை என்றால் டாக்டர் ஹூவில் 2007-இல் வந்த அழும் தேவதைகள் கதையைப் பாருங்கள். கண் இமைத்தால் நகரும் கற்சிலைகள் பற்றியது. டாக்டர் அதில் கொஞ்ச நேரமே வருகிறார், முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஒரே எபிசோடில் முடிந்துவிடும்.